கொள்முதல் நேரத்துக் காய்ச்சல்

கேள்வி: எனக்கு வயது 20. பண்ருட்டிக்குப் பக்கத்தில் கிராமம். கல்லூரியில் வணிகவியல் படிக்கிறேன். என் தாய்மாமா பன்னிரண்டு ஆண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவில் முந்திரிக்கொட்டை கொள்முதல் செய்கிறார். இந்தக் கோடை விடுமுறையில் அவருக்கு உதவியாகக் கானா நாட்டுக்குப் போனேன். வென்ச்சி என்ற ஊருக்கு அப்பால் உள்ள கிடங்கில் வேலை. ஐந்தாவது வாரம் உடம்பு வலியும் காய்ச்சலும் வந்தன. லாரிகளில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த நேரம் என்பதால் மாமாவிடம் சொல்லாமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு நான்கு நாள் வேலை பார்த்தேன். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஐந்தாம் நாள் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. மலேரியா முற்றிவிட்டது என்று மருத்துவமனையில் சேர்த்து ஆறு நாள் வைத்திருந்தார்கள். டைபாய்டும் இருக்கிறது என்றார்கள். ஊசிகள் முடிந்த பிறகு கொடுத்த மாத்திரையில் கடைசி இரண்டு வேளையைக் குமட்டல் தாங்காமல் விட்டுவிட்டேன். ஊருக்கு வந்து பத்து நாள் ஆகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நேற்று லேசான காய்ச்சல். லேபில் கார்டு டெஸ்ட் எடுத்ததில் மலேரியா பாசிட்டிவ். வைடால் டெஸ்டும் பாசிட்டிவ். இந்த நோய் இனி உயிருள்ளவரை என் உடம்பிலேயே இருக்குமா? அடுத்த ஆண்டும் மாமா கூப்பிடுகிறார். அம்மா அழுகிறார். நான் போகலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று மாலையே ஆசிரியர் குழுவினர் உங்களைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார்கள், நாம் பேசினோம். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல அது. அன்றிரவே ஸ்மியர் என்ற இரத்தப் பரிசோதனையும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொன்னேன். நீங்களும் தட்டாமல் போனீர்கள். முடிவுகள் கைக்கு வந்துவிட்டதால் இப்போது நிதானமாக எழுத முடிகிறது. தொழிலுக்காக ஆப்பிரிக்கா போய்வருகிறவர்கள் உள்ள எந்த வீட்டிலும் இது நடக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்களைப் பயமுறுத்திய அந்தக் கார்டு. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து வைத்தால் கால் மணி நேரத்தில் கோடு விழுகிறதே, அந்தப் பரிசோதனை கிருமியைப் பார்ப்பதில்லை. ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியாக் கிருமி இரத்தத்தில் விட்டுச்செல்லும் ஒரு புரதத்தைத்தான் பார்க்கிறது. கிருமி செத்த பிறகும் அந்தப் புரதம் மூன்று நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அடுப்பு அணைந்த பிறகும் சாம்பல் கிடப்பதைப் போல. கார்டு சாம்பலைப் பார்த்துவிட்டு இங்கே தீ எரிந்தது என்று சொல்கிறது. இப்போதும் எரிகிறதா என்பது அதற்குத் தெரியாது. முதல் காய்ச்சலுக்கு அது மிக நல்ல கருவி. சிகிச்சை முடிந்த மூன்றாவது வாரத்தில் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் தேடிப் பார்க்கும் ஸ்மியர்தான் உயிருள்ள கிருமி இருக்கிறதா என்று சொல்லும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் எடுக்கிறார்கள்.

ஆனாலும் அது பழைய சாம்பல்தான் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட எனக்குத் துணிவு வரவில்லை. காரணம், நீங்கள் விட்டுவிட்ட அந்த இரண்டு வேளை மாத்திரை. உங்களுக்குக் கொடுத்தது ஆர்டிமீத்தரும் லூமிஃபான்ட்ரினும் சேர்ந்த மாத்திரை. பெரியவர்களுக்கு வேளைக்கு நான்கு வீதம், மூன்று நாளில் ஆறு வேளை. இதில் முதல் மருந்து வேகமாகக் கிருமியைக் கொல்லும். சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். மிச்சம் மீதி ஒளிந்திருப்பதைப் பல நாள் தங்கியிருந்து துடைத்தெடுப்பது இரண்டாவது மருந்து. அந்த இரண்டாவது மருந்துக்கு ஒரு குணம் உண்டு: கொழுப்புச் சத்தோடு சேர்ந்தால்தான் குடல் அதை நன்றாக உள்ளே வாங்கும். நீங்கள் வெறும் கஞ்சித் தண்ணீரோடு விழுங்கியதாகச் சொன்னீர்கள். காய்ச்சல்காரருக்குப் பத்தியச் சாப்பாடு கொடுப்பது நம் வழக்கம். இந்த மாத்திரைக்கு மட்டும் அந்த வழக்கத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். ஒரு டம்ளர் பாலோ, எண்ணெய் சேர்ந்த உணவோ கூட இருக்க வேண்டும். விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பப் போட வேண்டும். இதை யாரும் உங்களுக்கு உட்கார்ந்து விளக்கவில்லை. அது உங்கள் குற்றமில்லை.

மூன்று ஸ்மியர், இடைவெளி விட்டு எடுத்தவை, மூன்றிலும் கிருமி இல்லை. ஆக, கார்டு காட்டியது சாம்பல்தான். ஆனாலும் இன்னும் நான்கு வாரத்துக்கு வாரம் ஒரு ஸ்மியர் எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே எடுங்கள்.

அப்படியானால் மூச்சு வாங்குவது ஏன், லேசான காய்ச்சல் ஏன்? நீங்கள் அனுப்பிய தாளில் ஹீமோகுளோபின் 8.2. கானாவில் மருத்துவமனையை விட்டு வரும்போது அது 11.4. காயம் இல்லை, இரத்தப்போக்கு இல்லை. பிறகு இரத்தம் எங்கே போனது?

இதை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். உங்களுக்கு நரம்பில் போட்ட ஊசி ஆர்டிசுனேட். கடுமையான மலேரியாவுக்கு இன்று உலகம் முழுவதும் முதல் மருந்து அதுதான். ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் அதையும் பழைய குயினைனையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. குயினைன் பெற்றவர்களில் நூற்றுக்கு 10.9 பேர் இறந்தார்கள்; ஆர்டிசுனேட் பெற்றவர்களில் 8.5 பேர். உங்களைக் காப்பாற்றியதும் அதே ஊசிதான். அது சிவப்பணுவுக்குள் இருக்கும் கிருமியைக் கொன்றதும், நம் மண்ணீரல் ஒரு நுட்பமான வேலையைச் செய்கிறது. சிவப்பணுவை உடைக்காமல், உள்ளே செத்துக்கிடக்கும் கிருமியை மட்டும் உருவி எடுத்துவிட்டு, அணுவை மறுபடி இரத்தத்தில் விட்டுவிடுகிறது. முந்திரிக்கொட்டையின் ஓட்டை உடைக்காமல் பருப்பை மட்டும் வெளியே எடுப்பது போன்ற வேலை அது. ஆனால் அப்படிப் பிழைத்த அணுக்களுக்கு ஆயுள் குறைவு. ஒன்றிரண்டு வாரம் ஓடிவிட்டு, பிறகு கூட்டமாக உடைகின்றன. கிருமி அதிகமாக இருந்தவர்களுக்கு இப்படி நேர வாய்ப்பும் அதிகம். ஊசி போட்ட இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் திடீரென்று சோகை, களைப்பு, கொஞ்சம் காய்ச்சல், சிலருக்குக் கண்ணில் மஞ்சள், சிறுநீர் மறுபடி கறுப்பது எல்லாம் இதனால் வரலாம். நோய் திரும்பி வந்துவிட்டது என்று வீடே கலங்கிப்போகும்.

பெரும்பாலானவர்களுக்கு இது தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் இரத்தம் ஏற்ற வேண்டிவரும். எனவே வாரத்துக்கு ஒரு முறை ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்; அது ஏறத் தொடங்கும்வரை கிரிக்கெட்டும் வேண்டாம், மூட்டை தூக்குவதும் வேண்டாம். 7-க்குக் கீழே இறங்கினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். போகும் இடத்தில், ஆர்டிசுனேட் ஊசி போட்டு இத்தனை நாள் ஆகிறது என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். நம் ஊரில் இந்த ஊசிக்குப் பிறகு வரும் சோகையைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் குறைவு. நீங்கள் சொன்னால் அவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். உங்கள் அம்மா கொடுக்கும் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்ல உணவு, சாப்பிடுங்கள். ஆனால் இது இரும்புச் சத்துக் குறைவால் வந்த சோகை அல்ல என்பதால் அதை மட்டும் நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

வைடால் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது டைபாய்டுக் கிருமியைத் தேடும் பரிசோதனை அல்ல. அதை எதிர்க்கும் பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. என்றோ வந்து போன தொற்று, தடுப்பூசி, ஏன், மலேரியாவேகூட அதைப் பாசிட்டிவ் ஆக்கும். ஆப்பிரிக்காவிலும் சரி, நம் ஊரிலும் சரி, மலேரியாவும் டைபாய்டும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே சீட்டில் எழுதப்படுவதற்கு இந்தப் பரிசோதனை ஒரு முக்கியக் காரணம். உண்மையில் டைபாய்டு என்று சந்தேகம் வந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் இரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்ப வேண்டும். லேபில் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் பதினான்கு நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

உயிருள்ளவரை உடம்பிலேயே இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்காது. உங்கள் மருத்துவமனைத் தாளில் எழுதியிருப்பது ஃபால்சிபாரம். உயிரை எடுக்கக்கூடியது அதுதான்; ஆனால் முழுதாக மருந்து சாப்பிட்டால் முழுதாகப் போய்விடுவதும் அதுதான். கல்லீரலில் பதுங்கிக் கிடந்து மாதங்கள் கழித்துத் தலைதூக்குவது வைவாக்ஸ், ஓவேல் என்ற வேறு இரண்டு வகைகள். ஆப்பிரிக்காவில் ஃபால்சிபாரத்தோடு ஓவேலும் சில சமயம் ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே அடுத்த ஓராண்டுக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும், எந்த மருத்துவரிடம் போனாலும், உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் ‘நான் ஆப்பிரிக்கா போய் வந்தவன்’ என்பதாக இருக்கட்டும். இரத்த தானம் செய்யப் போனாலும் இதைச் சொல்லிவிடுங்கள். ஓவேல் என்று தெரிந்தால் அதற்குப் பிரைமாகுயின் என்ற மருந்து இருக்கிறது. ஜி6பிடி என்ற இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் அந்த மருந்தைத் தொடங்க வேண்டும்.

இங்கே மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளாக இருந்தால், காமாலை என்று முடிவு கட்டிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைத்து ஒரு வாரம் காத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வெறும் காய்ச்சல் என்றால் நிலவேம்புக் கஷாயம். குடிக்க வேண்டாம் என்று நான் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் முதலில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்து குடியுங்கள். ஃபால்சிபாரம் ஒரு வாரம் காத்திருக்காது. பழக்கமில்லாத உடம்பில் முதல் காய்ச்சலிலிருந்து மூளையைத் தொட அதற்கு ஓரிரு நாள் போதும்.

இனி, என்னை உறங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். அந்த நான்கு நாள்.

தொலைபேசியில் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெயர் இல்லாமல் எழுத அனுமதி கொடுத்தீர்கள். பகலில் கொட்டையைக் களத்தில் கொட்டிக் காயவைப்பது. சாயங்காலம் மூட்டைக்கு மூட்டை மாதிரி எடுத்து, கொட்டையை இரண்டாக வெட்டி, நல்ல பருப்பு எத்தனை, புள்ளி விழுந்தது எத்தனை என்று நிறுத்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணக்குப் போடுவது. அந்தக் கணக்கு உங்கள் பொறுப்பு. இருட்டிய பிறகு லாரி வரும். ஜெனரேட்டர் விளக்கின் கீழே நள்ளிரவு தாண்டியும் லோடு நடக்கும். அரைக்கைச் சட்டை. கிடங்குக்குப் பின்னால், ஏப்ரல் மழையில் லாரிச் சக்கரம் பதிந்த பள்ளங்களில் தண்ணீர். அந்த நாட்டில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவுக்கு வெயில் படும் அப்படிப்பட்ட சிறு தேக்கங்களே போதும். அது கடிப்பது பெரும்பாலும் இரவில், ஊர் அடங்கிய பிறகு. உங்கள் வேலை நேரமும் அதன் வேலை நேரமும் ஒன்றாக இருந்திருக்கின்றன.

முதல் நாள் இடுப்பு வலி. மூட்டை தூக்கியதால் என்று நினைத்தீர்கள். இரண்டாம் நாள் வயிற்றோட்டமும் காய்ச்சலும். தண்ணீர் மாறியதால் என்று நினைத்தீர்கள். நம் ஊரில் மலேரியா என்றால் குளிர் உலுக்கி, போர்வை மேல் போர்வை போர்த்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல் என்றுதான் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. ஃபால்சிபாரம் பல சமயம் அப்படி முறை வைத்து வருவதில்லை. சாதாரண ஃப்ளூவைப் போல, வயிற்றுக் கோளாறைப் போலத்தான் ஆரம்பிக்கும். பாராசிட்டமால் போட்டால் சூடு இறங்கும், இரண்டு மணி நேரம் வேலை பார்க்கலாம், கிருமி தன் பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும்.

கிடங்கில் உடன் வேலை செய்தவர்களும் ‘மலேரியாவாக இருக்கும், இரண்டு நாளில் போய்விடும்’ என்றார்கள் என்று சொன்னீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு இரண்டு நாளில் போய்விடுகிறது. அங்கே பேசும் ட்வி மொழியில் காய்ச்சலுக்கும் மலேரியாவுக்கும் ஒரே சொல்தான் புழங்குகிறது; நமக்குச் சளி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. ஆனால் அந்த எதிர்ப்பு சக்தி அவர்களுக்குச் சும்மா வரவில்லை. குழந்தைப் பருவம் முழுவதும் மறுபடி மறுபடி கடிபட்டு, மறுபடி மறுபடி காய்ச்சல் கண்டு வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்கர்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நானும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவன். மழைக்காலத்தில் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகளைப் படுக்கவைத்து இரத்தம் ஏற்றியிருக்கிறோம். உங்களோடு மூட்டை தூக்கிய அந்த வாலிபர்கள் அந்த வயதைத் தாண்டி வந்தவர்கள். நீங்கள் அந்த வழியில் வரவில்லை. இந்தியாவிலிருந்து வருகிறோம், கொசு நமக்குப் பழக்கம் என்ற நினைப்புக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை. பண்ருட்டிக் கொசுக்கடி உங்கள் உடம்புக்கு ஃபால்சிபாரத்தைப் பற்றி எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் அதிகாலையில் கிடங்குக் காவலாளி உங்களிடம் சாவி கேட்டிருக்கிறார். நீங்கள் அவருக்குத் தமிழில் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அவர் திரும்பக் கேட்டார். நீங்கள் திரும்பவும் தமிழிலேயே, ஏதோ கல்லூரி பஸ்ஸைப் பற்றிப் பேசினீர்கள். ஒரு மாதத்துக்கு மேலாக உங்களோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகியவர் அவர். அடுத்த நிமிடம் ஓடிப்போய் உங்கள் மாமாவை எழுப்பினார். மூளையைத் தொட்ட மலேரியாவின் முதல் அடையாளம் பல நேரம் இதுதான்: வலிப்போ மயக்கமோ அல்ல, பேச்சு தடம் மாறுவது. மருத்துவம் படிக்காத அந்த மனிதர் அதைக் கண்டுகொண்டார். விடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எனக்கு வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

மாமாவுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்றீர்கள். விலை ஏறிக்கொண்டிருந்தது, அவர் தனி ஆள், நான் படுத்தால் கணக்கு யார் பார்ப்பது என்று கேட்டீர்கள். உங்கள் நல்ல மனது எனக்குப் புரிகிறது. இருபது வயதில் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். ஆனால் தம்பி, முதல் நாளே சொல்லியிருந்தால் மாமாவுக்கு ஒரு மணி நேரம் போயிருக்கும்: கார்டு டெஸ்ட், மூன்று நாள் மாத்திரை, ஓய்வு. நான்கு நாள் மறைத்ததால் அவர் லாரியையும் கொள்முதலையும் விட்டுவிட்டு ஆறு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தொலைபேசியை அணைத்து வைத்திருந்தார் என்றும் சொன்னீர்கள். அந்த ஆறு நாள் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மாமா இதைப் படிப்பார் என்று நம்பி அவருக்கும் சில வார்த்தைகள். ஐயா, பன்னிரண்டு ஆண்டு அங்கே போய்வருவது உங்களுக்குக் கவசம் ஆகாது. ஆண்டுக்குச் சில மாதம் தங்கியதில் கொஞ்சம் எதிர்ப்பு வந்திருந்தாலும், ஊரில் இருக்கும் மாதங்களில் அது கரைந்துபோகும். உங்களுக்கே இப்படி என்றால், நீங்கள் அழைத்துப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்றுமே கிடையாது. கொள்முதல் ரூபாயில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். கிடங்கில் ஒரு பெட்டி கார்டு டெஸ்ட், வெயில் படாத இடத்தில். ஒவ்வொரு கட்டிலுக்கும் மருந்து தோய்த்த கொசுவலை. வண்டிச் சக்கரப் பள்ளங்களில் மண் கொட்டி நிரவுங்கள். இரவு எந்த மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனையும் ஆர்டிசுனேட் ஊசியும் கிடைக்கும் என்று சீசன் தொடங்குவதற்கு முன்பே விசாரித்து, அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வேலைக்கு வருகிற எந்தப் பையனும் காய்ச்சல் என்று சொன்னால் அன்று அவனுக்குக் கூலி பிடிக்கப்படாது என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் மறைப்பார்கள்.

அடுத்த ஆண்டு போகலாமா? போகலாம். இந்தக் காய்ச்சல் வந்த காரணத்துக்காகப் போகவே கூடாது என்று சொல்ல மருத்துவத்தில் இடமில்லை. ஒருமுறை வந்துவிட்டதால் இனி வராது என்றும் நினைக்காதீர்கள். ஒருமுறை வந்தது உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

நீங்கள் போவதற்கு முன் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, மஞ்சள் அட்டை வாங்கியிருக்கிறீர்கள். ஊசி போட்டாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். அந்த ஊசி மஞ்சள் காய்ச்சலை மட்டும் தடுக்கும். அதன் பலன் ஆயுள் முழுவதும் உண்டு, திரும்பப் போட வேண்டாம். ஆனால் மலேரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலேரியாவுக்கு இப்போது வந்திருக்கும் தடுப்பூசிகள், நம் புனேயில் தயாராகி 2023-இல் கானா முதலில் அனுமதித்த ஆர்21 உட்பட, அங்கே வாழும் குழந்தைகளுக்கானவை. உங்களைப் போலப் போய்வரும் பெரியவர்களுக்கு இருக்கும் வழி தடுப்பு மாத்திரைதான்.

அதில் மூன்று நான்கு வகை உண்டு. நம் ஊரில் எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது டாக்சிசைக்ளின், தினம் ஒன்று. புறப்படுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, அங்கே இருக்கும் நாளெல்லாம் சாப்பிட்டு, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கியதும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்; கடைசி வாரத்தில் கடித்த கொசுவின் கிருமி அவர்களுக்கு வீட்டில் வந்து காய்ச்சலாகிறது. மாத்திரையைச் சாப்பாட்டோடு, முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். வெயில் பட்ட தோலை இது எரிய வைக்கும் என்பதால் களத்தில் கொட்டை காயவைக்கும்போது முழுக்கைச் சட்டையும் தொப்பியும் தேவை. அந்த வெயில் ஒத்துக்கொள்ளாது என்று தோன்றினால் அட்டோவாகுவோன்-புரோகுவானில் இருக்கிறது. விலை கூடுதல், ஆனால் திரும்பி வந்து ஏழு நாள் சாப்பிட்டால் போதும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒரு மருத்துவரிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். புறப்படும் முன் ஹீமோகுளோபினும் பழைய அளவுக்கு வந்திருக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடுகிறோமே என்று இரவில் அரைக்கைச் சட்டையோடு நிற்காதீர்கள். லோடு நடக்கும் இரவுகளில் முழுக்கை, முழுக்கால் உடை, வெளியே தெரியும் இடங்களில் கொசு விரட்டி களிம்பு, நான்கு ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. இவ்வளவும் செய்த பிறகும் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே கார்டு. முதல் கார்டு நெகட்டிவ் என்றால் மறுநாள் இன்னொன்று. காய்ச்சலின் காரணம் தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். புரூஃபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், ஏனென்றால் அது டெங்குவாக இருந்தால் அவை இரத்தப்போக்கைக் கூட்டும்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுங்கள், அந்த ஐந்தாம் நாள் காலை உட்பட. அவர் இப்போது அழுவது பாதி தெரிந்து, மீதியைத் தானே கற்பனை செய்துகொண்டு. ஸ்மியர் முடிவுகளை அவர் கையில் கொடுங்கள். அடுத்த ஆண்டு போவதாக இருந்தால் மாத்திரைக் கணக்கை அவரிடமே ஒப்படையுங்கள். தினம் இரவு தொலைபேசியில் ‘போட்டாயா’ என்று அவர் கேட்கட்டும். என் அனுபவத்தில் அதைவிட நல்ல நினைவூட்டல் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை அடுத்த ஹீமோகுளோபின். எண் என்னவாக இருந்தாலும் ஆசிரியர் அலுவலகம் மூலம் எனக்கு அன்றே சொல்லி அனுப்புங்கள். அந்தக் காவலாளியிடம் ஊர் வந்த பிறகு இன்னும் பேசவில்லை என்றீர்கள். மாமாவின் எண்ணிலிருந்து இன்றே கூப்பிடுங்கள். நீங்கள் பேசுவதைக் கேட்டால் அவருக்கு நிம்மதியாக இருக்கும்.